நேசராசாவின் இரண்டு மறதிகள்

மகன்,

அடுத்த கிழமை நீ நீதவானாகப் போய் இருக்கப்போகிற ஊரை நான் பார்த்ததில்லை. உனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள் என்று சொன்னாய். நல்ல ஏற்பாடுதான். பெட்டி அடுக்க உனக்கு என் உதவி தேவையில்லை. மீன் பொரித்துக் கட்டித் தந்துவிடலாம் என்றால் அது அவ்வளவு கிட்டிய தூரமும் இல்லை. ஆகவே இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ வாசித்துக்கொண்டிருப்பாய்.

உன் முன்னால் நிறுத்தப்படுகிற சிலரை நீ என்னைப் போன்ற ஒரு மனநல டொக்டரிடம் அனுப்புவாய். கட்டளையில் மரியாதையான சொற்களில்தான் எழுதியிருக்கும். ஆனால் நீ கேட்கிற கேள்வி, இந்த ஆளுக்கு உண்மையிலேயே நோய் வருத்தமா, இல்லை நடிக்கிறாரா என்பதுதான். கொஞ்ச நாளில் ஒரு றிப்போட் வரும். உத்தியோகம் பார்த்த காலம் முழுக்க அப்படியான றிப்போட்டுகளை எழுதினவள் நான். அவற்றில் ஒன்றின் கதையை முழுதாகச் சொல்கிறேன். அதில் பாதி உனக்குத் தெரியும். நீ சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், லீவில் வந்து நின்றபோது, எங்கள் சாப்பாட்டு மேசையில் அது பேசப்பட்டது. மற்றப் பாதியை நீ கேட்கவில்லை. கேட்பதற்கு முன் லீவு முடிந்துவிட்டது. எல்லாம் திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட்டவைதான் என்றாலும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நேசராசா பழுகாமத்து ஆள். வயல் வட்டையில் வேலை இருக்கிற மாதங்களில் விவசாயம், மற்ற மாதங்களில் வாவியில் தோணி. அவருடைய மனைவி யோகம். யோகத்தின் அண்ணன் வடிவேல். மச்சான்மார் இரண்டு பேரும் ஒரே தோணியில்தான் தொழிலுக்குப் போவார்கள். ஒரு நாள் விடிகிற நேரம், இறால் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்தபோது வலை கிழிந்தது. கிழிந்தது யாருடைய கவனக்குறைவால் என்று வாய்த்தர்க்கம் வந்தது. அது கைகலப்பாக மாறியதைத் தோணிக்கு வெளியே இருந்து யாரும் பார்க்கவில்லை. கரைக்கு வந்தபோது வடிவேலுக்கு ஒரு கண் போயிருந்தது. தோணி ஊன்றுகிற கம்பு பட்ட அடி. நேசராசாவுக்குத் தலையின் பின்பக்கம் பிளந்து, நினைவில்லாமல் கிடந்தார். பேசக்கூடிய நிலையில் இருந்தது வடிவேல் மட்டும்தான். "என்னைப் பார்த்துத்தான் அடிச்சவர். அதுக்கு மறுகா அவரே தடுமாறி விழுந்து தோணி விளிம்பில தலை பட்டுது" என்று பொலிஸில் சொன்னார். அப்படியில்லை, வடிவேல்தான் முதலில் அடித்தார், நேசராசா திருப்பி அடித்தார் என்று நேசராசாவின் லோயர் வாதாட நினைத்தார். வழக்கே அதில்தான் நின்றது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நேசராசா, விளக்கமறியல் சிறையில் சில மாதம் இருந்த பிறகு, தன் பெயரே தெரியாத ஆளாகிவிட்டார். பெண்சாதி யார் என்று தெரியாது, பிள்ளைகள் எத்தனை என்று தெரியாது, எந்நேரமும் காதுக்குள் யாரோ பேசுகிறார்கள். அந்த நிலையில்தான் இரண்டு காவலாளிகள் அவரை எங்கள் வார்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"உங்கட பேர் என்ன?" என்று கேட்டேன்.

"தெரியா."

"மாட்டுக்கு எத்தின கால்?"

கொஞ்சம் யோசித்தார். "மூண்டு."

"ரெண்டும் ரெண்டும்?"

"அஞ்சு."

மாட்டுக்கு மூன்று கால் என்று சொல்வதற்கு நான்கு என்பது தெரிந்திருக்க வேண்டும், மகன். மூளை உண்மையிலேயே மங்கினவர்கள் மாட்டுக்கு நாலு கால் என்று சரியாகச் சொல்லிவிட்டு, நேற்றுப் பார்க்க வந்தது மகளா மருமகளா என்பதில் தடுமாறுவார்கள். தன் பெயர் மறப்பது கடைசியில், பேச்சே போகிற கட்டத்தில். ஒவ்வொரு பதிலும் சரியான பதிலுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தால் நாங்கள் யோசிக்கத் தொடங்குவோம். யோசிக்கத்தான் தொடங்குவோம். அபூர்வமாகச் சில வருத்தங்களில் உண்மையாகவும் அப்படிப் பதில் வருவதுண்டு. ஆகையால் ஒரு அடையாளத்தை வைத்து யாரையும் நடிக்கிறார் என்று எழுதக் கூடாது. அப்படி எழுதின றிப்போட் உன் மேசைக்கு வந்தால் டொக்டரைக் கூப்பிட்டுக் கேள்.

பிறகு குரல்களைப் பற்றிக் கேட்டேன். எப்போதும் கேட்கிறதா என்றேன். எப்போதும் என்றார். நித்திரையிலும் என்றார். குரலைக் குறைக்க என்ன செய்வீர்கள் என்றதற்கு, ஒன்றும் செய்வதில்லை என்றார். உண்மையில் குரல் கேட்பவர்கள் அதோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். குரல் வரும், போகும், தனியே இருக்கும்போது கூடும். அதை அடக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி வைத்திருப்பார்கள். ஒருவர் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொள்வார். ஒருவர் தேவாரம் முணுமுணுப்பார். எங்கள் வார்ட்டில் ஒரு தாய் கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவுவார். தண்ணீர் விழுகிற சத்தத்தில் குரல் அமுங்குகிறதாம். இவ்வளவு கஷ்டப்படுத்துகிற ஒன்றை ஒரு ஆள் சும்மா இருந்து கேட்டுக்கொண்டிருப்பது வழக்கமில்லை. கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "சத்தம் வரக்குள்ள இடது கையில நகமெல்லாம் குளிருமா?"

"ஓம் டொக்டர். நல்லாக் குளிரும்."

அப்படி ஒரு வருத்தம் உலகத்தில் இல்லை. காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது நானே யோசித்து வைத்த கேள்வி அது.

வார்ட்டில் எங்கள் தாதி, மிஸி றீற்றா, அவரைத் தினமும் கவனித்து எழுதினார். இரவில் நன்றாகத் தூங்குகிறார், பக்கத்துக் கட்டில்காரரோடு தாயம் விளையாடுகிறார், யாருடைய முறை என்று பிசகுவதில்லை. பெண்சாதியின் பெயர் தெரியாத மனிதர், ஆட்கள் பார்க்க வருகிற நேரத்துக்கு முன் தலையை நனைத்துச் சீவிக்கொண்டு கட்டிலில் இருப்பார். யோகம் வந்தால் யாரோ போலப் பார்ப்பார். அவர் போகும்போது கேற் வரைக்கும் கண்ணால் கூடப் போவார்.

அதன் பிறகுதான் அந்தச் சோதனை, உனக்கு ஞாபகம் இருக்கும். சில படங்களைக் காட்டுவோம். பிறகு இரண்டிரண்டு படமாக வைத்து, முதலில் காட்டியது எது என்று கேட்போம். ஒன்றுமே ஞாபகம் இல்லாத ஆள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பாதிக்குக் கிட்டச் சரியாக வரும். நேசராசா தொட்டது ஏறக்குறைய எல்லாமே பிழை. அவ்வளவு பிழை விடுவதற்குச் சரி எது என்று தெரிந்திருக்க வேண்டும். இதை நான் மேசையில் சொன்னபோது நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "அப்ப கெட்டிக்காரன் எண்டா பாதியச் சரியாச் சொல்லித் தப்பிடுவான்தானே?" என்றாய். அப்பா இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகளைக் கவிழ்த்தார். நீ பார்க்கப் பார்க்க ஒன்றின் கீழ் புளியங்கொட்டையை வைப்பார். நீ பார்க்காத ஆள் போல நடித்து ஒன்றைத் தொட வேண்டும். பாதி சரியாக வந்தது, நீ சொன்னபடியே. ஆனால் ஒரு சரி, ஒரு பிழை, ஒரு சரி, ஒரு பிழை என்று பாய் பின்னினதுபோல வந்தது. பிழையைத் தொட முன்னால் கை ஒரு கணம் நிற்கும். கணக்கு வாத்தியாரான அப்பா சிரிக்காமல், "குருட்டடி இவ்வளவு ஒழுங்கா வராது மகன்" என்றார். நீ கோபத்தோடு "இன்னொருக்கா வையுங்க" என்றாய். அப்பா வைத்துக்கொண்டே இருந்தார், சோறு ஆறிப்போனது. எழும்பும்போது நீ சொன்னாய்: "அப்ப ஆள் கள்ளன். கேஸ் முடிஞ்சுது." அடுத்த நாள் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டாய்.

உன் பக்கத்துக் கதை அதோடு முடிகிறது. வார்ட்டில் முடியவில்லை. ஒருவர் நடிக்கிறார் என்று தெரிந்தபின் டொக்டருக்கு இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது: ஏன் நடிக்கிறார், நடிப்புக்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. காய்ச்சல்காரன் வயிற்றுக்குத்து என்று பொய் சொன்னால் காய்ச்சல் இல்லாமல் போய்விடாது. நேசராசாவை என் அறைக்குக் கூப்பிட்டு, காவலாளியைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னேன். "நீங்க சொன்ன பதில்கள் ஒரு வருத்தத்துக்கும் பொருந்துதில்ல. இப்பிடிச் சொல்ல வேண்டி வந்தது ஏன் எண்டு அறிய விரும்புறன். நீங்க இஞ்ச சொல்ற எல்லாம் கோட்டுக்குப் போகும். அதையும் சொல்லி வைக்கிறன்."

வெளியே நின்ற காவலாளிக்குக் கேட்காதபடி கதிரையை என் மேசைக்குக் கிட்ட இழுத்தார். பிறகு, "எல்லாம் மறந்திட்டு எண்டாத்தான் விடுவாங்க எண்டு மறியல்ல ஒராள் சொன்னார்" என்றார்.

"அப்ப ஒண்டும் மறக்கல்லயா?"

"ஒண்டு மறந்துதான் கிடக்கு டொக்டர். கொஞ்ச நேரம்தான். அவ்வளவு சின்ன மறதியச் சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க எண்டார். அதான் பெருசாச் சொன்ன."

அந்தச் சின்ன மறதியைச் சொல்லச் சொன்னேன். கிழிந்த வலையைத் தூக்கிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. ஓட்டை வழியாக இறால் நழுவி விழுந்ததும் ஞாபகம் இருக்கிறது. அடுத்தது, லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டிக்குள் மல்லாந்து கிடக்க, மேலே மரக்கொப்புகள் ஓடினது. இரண்டுக்கும் நடுவில், வாய்க்குள் சேற்று மணம். அது எங்கே, எப்போது என்று தெரியவில்லை. தலையில் அடிபட்டவர்களின் மறதி இப்படித்தான் இருக்கும். ஓரங்கள் கிழிந்திருக்கும், நடுவில் ஏதாவது ஒரு துண்டு தனியே மிதக்கும். சோடித்த மறதி கத்தரிக்கோலால் வெட்டினதுபோல, குற்றம் தொடங்குகிற இடத்தில் தொடங்கி அது முடிகிற இடத்தில் முடியும். இதுவும் ஒரு அடையாளம்தான், அத்தாட்சி இல்லை. ஸ்கான் எடுத்துப் பார்த்தோம். அடிபட்ட தழும்பு மூளையில் தெரிந்தது. எதனால் பட்டது என்று ஸ்கான் சொல்லாது.

அதனால் நான் அவருக்கு இரை போட்டேன். சொல்வதற்கு அழகில்லாத சொல்தான், ஆனால் நாங்கள் செய்வது அதுதான். "வடிவேல் முதல்ல அடிச்சிருப்பாரோ?" என்று கேட்டேன்.

"தெரியா டொக்டர்."

இரண்டு நாள் விட்டு வேறு விதமாகக் கேட்டேன். "தலைக்குப் பின்னால பட்ட அடி. விழுந்து பட்டது போல இல்லையே?"

"இருக்கும். எனக்குத் தெரியாதே. தெரியாத ஒண்ட எப்பிடிச் சொல்ற?"

ஓம் என்ற ஒரு சொல்லுக்காக அவருடைய லோயர் மாதக்கணக்காகக் காத்திருந்தார். நேசராசாவுக்கும் அது தெரியும். நகம் குளிருமா என்றதற்கு ஓம் சொன்ன அதே மனிதர், தன்னைக் காப்பாற்றக்கூடிய இடத்தில் ஓம் சொல்லவில்லை. படச் சோதனையைத் திரும்பச் செய்தோம். இந்த முறை அநேகமாக எல்லாம் சரி. இரண்டையும் றிப்போட்டில் எழுதினேன். முதல் பக்கத்தில்: பெயர் மறந்தது, குரல் கேட்பது எல்லாம் நடிப்பு, மனநோய் இல்லை, வழக்கை எதிர்கொள்ளத் தகுதியானவர். இரண்டாம் பக்கத்தில்: சம்பவ நேரத்து மறதி தலைக் காயத்தோடு பொருந்துகிறது, அது உண்மையாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல என்னிடம் வழியில்லை.

வழக்குத் திகதிக்கு முன் யோகம் கிளினிக்குக்கு வந்தார். மெலிந்த பெண், கதிரையின் நுனியில்தான் இருந்தார். ஒரு பக்கம் கண் போன அண்ணன், மறுபக்கம் மறியலில் புருஷன். இப்போது இருக்கிற தாயின் வீட்டில் ஒருவரும் அவரோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

"ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன் டொக்டர். அவர் பொய் சொல்றாரா இல்லையா? அதைப் பொறுத்துத்தான் நான் பிள்ளைகளோட எங்கட வீட்டுக்குத் திரும்பிப் போறதா இல்லையா எண்டு முடிவெடுக்கணும்."

"அதை நான் கோட்டுலதான் சொல்ல ஏலும்" என்றேன்.

"அண்ணன் சொல்றார், பார்த்துத்தான் அடிச்சவராம். பார்த்து அடிச்ச ஒண்டு எப்பிடி மறக்கும்?"

அது பொதுவான கேள்வி. பதில் சொல்லலாம் என்று பட்டது. தலையில் பலமாக அடிபட்டால், அடிபடுவதற்கு முன் செய்தது கூட அழிந்துபோகும் என்றேன். கண்ணைத் திறந்துகொண்டு செய்ததும்தான்.

"அப்ப மறந்ததெண்டாலும் செய்திருக்கலாம்."

"செய்திருக்கலாம். மறந்தது எண்டதுக்காக நடக்கல்ல எண்டு ஆகாது."

யோகம் தலையாட்டினார். "அதைத்தான் நான் அவர்ட வாயால கேக்கணும்" என்று சொல்லிவிட்டு எழும்பினார். அதை நேசராசாவிடம் போய்ச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

நீதிமன்றத்தில் அரச தரப்பு லோயர் என்னை அதிக நேரம் வைத்திருக்கவில்லை. "குற்றம் சாட்டப்பட்ட எதிரி உங்களிடம் பொய் சொன்னாரா டொக்டர்?" "ஓம்." "தன்னுடைய ஞாபகம் பற்றியா?" "ஓம்." "நன்றி, அவ்வளவுதான்." கேட்டதற்கு மேல் சொல்ல முடியாது என்பது உனக்குத் தெரியும். நேசராசாவின் லோயர் எழும்பி இரண்டாம் பக்கத்தைத் தொட்டார். ஆனால் அவருக்கு வேண்டியது ‘வடிவேல் முதலில் அடித்தார்’ என்ற வசனம். அது அங்கே இல்லை. அவர் சீக்கிரம் கதிரையில் இருந்துவிட்டார். நீதிபதிதான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரே மனிதர், ஒரே விடயம் பற்றி. ஒன்றை நம்ப வேண்டாம், மற்றதை நம்பலாம் என்கிறீர்களா?" என்றார். நம்பச் சொல்லவில்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறேன் என்றேன். "சொல்லுங்கள்" என்றார். கடைசி வரைக்கும் குறுக்கிடாமல் கேட்டார். நான் போன எல்லா நீதிமன்றங்களிலும் அப்படி நடக்கும் என்றில்லை. உன் நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் உன்னிடம் கேட்பது அது ஒன்றுதான்.

பிறகு நேசராசா கூண்டில் நின்று பேசினார். லோயர் சொல்லிக்கொடுத்தது எதுவும் அதில் இருந்ததாகத் தெரியவில்லை. "நான் ஆஸ்பத்திரியில டொக்டருக்குப் பொய் சொன்னது உண்மை. அந்த நேரம் நடந்தது எனக்கு ஞாபகத்தில இல்ல, அதுவும் உண்மை. வடிவேல் மச்சான் சொல்றார் நான் அடிச்சன் எண்டு. அவர் பொய் சொல்ற ஆள் இல்ல. அப்ப நான்தான் அடிச்சிருப்பன்." லோயர் நெற்றியைத் தடவிக்கொண்டு மேசையைப் பார்த்தார். பின் வரிசை வாங்கில் யோகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வடிவேல் நல்ல கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

குற்றவாளி என்றுதான் தீர்ப்பு. சிறைத் தண்டனை ஒத்திவைக்கப்பட்டது; ஏற்கெனவே மறியலில் இருந்த காலத்தையும், அவர் பேசினதையும் நீதிபதி கணக்கில் எடுத்தார். இரண்டாம் பக்கத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்தார் என்று தீர்ப்பில் இல்லை. யோகம் பிள்ளைகளோடு அந்த வீட்டுக்குத் திரும்பினார்.

அதன் பிறகு நேசராசாவுக்கு விடாத தலையிடி. மாதா மாதம் மருந்து எடுக்க யோகம்தான் கிளினிக்குக்கு வருவார். நான் ஓய்வு பெறுகிற வருடத்தில் ஒரு நாள், மருந்துத் துண்டை எழுதி நீட்டிய பிறகும் எழும்பாமல் இருந்தார்.

"அண்ணன் வீட்ட வந்தவர் டொக்டர். அந்தக் கேசுக்குப் பிறகு இப்பதான் எங்கட படி மிதிச்சிருக்கார்."

"நல்லம்தானே."

"வந்து இருந்திட்டுச் சொன்னார், முதல் கம்ப ஓங்கினது நான்தான், தலையில பட்டது என்ர அடி எண்டு. இவரிட்டத்தான் சொன்னவர். நான் அடுப்படியில நிண்டு கேட்ட."

நான் பேனையை மூடினேன். "இவர் என்ன சொன்னார்?"

"சரி மச்சான், சாப்பிட்டிட்டுப் போங்க எண்டார். அண்ணன் சாப்பிட்டிட்டுத்தான் போனவர்." மருந்துத் துண்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். "அவர் போனாப் பிறகு இவர் சொல்றார், மச்சான் எனக்கு மனம் ஆறட்டும் எண்டு பாவம் பார்த்துச் சொல்லியிருப்பாராம். இவருக்கு இன்னும் ஒண்டும் ஞாபகம் வரல்ல. அண்ணன் சொன்னது உண்மையா டொக்டர்? நீங்க எத்தின பேரப் பார்த்தனீங்க. உங்களுக்குத் தெரியும்தானே."

அந்த வழக்கில் வடிவேலின் ஞாபகத்தை யாரும் சோதிக்கச் சொல்லவில்லை, மகன். கண்ணை இழந்தவரை யார் சோதிப்பார்கள்? நானும் அவரை எட்ட இருந்து பார்த்ததோடு சரி. பிற்காலத்தில் ஒரு மனிதர் தன் தங்கச்சி வீட்டில் இருந்து சொன்ன ஒரு வசனம் குற்ற ஒப்புதலா, இரக்கமா என்று பிரித்துக் காட்டுகிற படமோ கேள்வியோ எங்கள் துறையில் இல்லை.

"எனக்குத் தெரியா யோகம்" என்றேன்.

அவர் வேறு பதிலை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. "ஓம், அண்ணனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி மருந்துத் துண்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இரண்டு மச்சான்மாரும் மறுபடி ஒரே தோணியில் போகத் தொடங்கியிருக்கிறார்கள், திரும்பி வருவதற்குள் சோறு ஆக்க வேண்டும் என்றார். போய்விட்டார்.

உனக்குக் கிடைத்திருக்கிற வீட்டுக் கிணறு கலங்கல் என்று சொன்னாய். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி.

அம்மா